உட்கார்ந்திருந்த ஆறு பேர்: ஒரு பள்ளி ஹாக்கி அணியின் இரண்டு பருவங்கள்

இந்த ஆய்வு ஒரு பள்ளி ஹாக்கி அணியின் அடுத்தடுத்த இரண்டு பருவங்களைப் பற்றியது. அணி 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களுடையது. பள்ளி, கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு கரிசல் ஊரில் இருக்கிறது. பள்ளியின் பெயரையும் பையன்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அணிக்குப் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியர். அதே மைதானத்தில் ஒரு காலத்தில் ஆடியவன் என்ற உரிமையில் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து உதவி செய்பவன் நான். யாரை எவ்வளவு நேரம் ஆட வைப்பது என்ற ஒரே கேள்வியில் எங்கள் இருவருக்கும் ஏற்பட்ட பிணக்கும், அதைத் தீர்க்க நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடும், அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதும்தான் இங்கே பேசப்படுகிறது.

கோவில்பட்டிக்கு அருகில் இருப்பது இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. அந்த ஊரில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, ஹாக்கிக்கான அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. 2021 டிசம்பரில் ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டியே அங்கு நடந்தது. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரனும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர்க்காரரான கார்த்தியும் 2022 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். ஆகவே எங்கள் பகுதியில் மட்டையைத் தூக்கும் ஒவ்வொரு பையனுக்கும், அவன் வீட்டாருக்கும், இது பொழுதுபோக்கு மட்டுமன்று. வெளியே போவதற்கான ஒரு வழி. அந்த வழியில் எத்தனை நிமிடம் நிற்க விடுகிறோம் என்பது சின்ன விஷயமாக அவர்களுக்குத் தெரிவதில்லை.

முதலில் போட்டியின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிக்கலின் பாதி அங்கேதான் இருக்கிறது. பள்ளிகளுக்கான ஆட்டங்கள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கின்றன. எங்கள் பக்கத்தில் அவை நாக் அவுட் முறையில் நடக்கும், தோற்றால் அன்றோடு பருவம் முடிந்தது. ஹாக்கி அணி வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு என்பதால் குறுவட்டத்தில் இரண்டே ஆட்டங்கள். அதில் வென்றால் மாவட்டத்தில் கால் இறுதி, அரை இறுதி, இறுதி. ஒவ்வோர் ஆட்டமும் 20 நிமிடப் பாதிகள் இரண்டு. மாவட்ட அரை இறுதிவரை போகும் ஓர் அணி, ஜூனிலிருந்து ஏறக்குறைய நாள் தவறாமல் மட்டை பிடித்த பிறகு, மொத்தம் ஆடுவது நான்கு ஆட்டங்கள், அதாவது 160 நிமிடங்கள். அணியில் 18 பேர். இரண்டு கோல்கீப்பர்களைக் கழித்தால் 16 பேர். களத்தில் கோல்கீப்பர் தவிர 10 பேர் நிற்பதால் ஓர் ஆட்டத்தில் பகிர்ந்துகொள்ளக் கிடைப்பது 400 நிமிடங்கள். சமமாகப் பிரித்தால் தலைக்கு 25. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பயிற்சியாளர்கள் அதிகம் இல்லை. முதல் பருவத்தில் நாங்களும் போடவில்லை.

கால்பந்தைப் போல இத்தனை பேரைத்தான் மாற்றலாம் என்ற வரம்பு ஹாக்கியில் இல்லை. ஆட்டத்தை நிறுத்தாமலே, வெளியே வந்தவன் மீண்டும் உள்ளே போகும் வகையில், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். பெனால்டி கார்னர் (தற்காக்கும் அணி தன் கோல் பகுதியில் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோலடிக்கும் வாய்ப்பு) கொடுக்கப்பட்ட கணம் முதல் அது முடியும்வரை மட்டும் மாற்ற முடியாது; தற்காக்கும் அணியின் கோல்கீப்பர் காயம்பட்டாலோ வெளியேற்றப்பட்டாலோ அதற்கு மட்டும் விலக்கு உண்டு. சர்வதேச அணிகளின் முன்கள வீரர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புவது இந்த விதியினால்தான். ஆக, ஆறு பேர் முழு ஆட்டமும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது விதி செய்த வேலை அன்று. எங்கள் பழக்கம் செய்தது.

முதல் பருவத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குறுவட்ட முதல் ஆட்டத்தில் 6–0 என்று வென்றோம். அதில் ஆறு மாற்று வீரர்களில் நான்கு பேருக்குச் சேர்த்து 46 நிமிடங்கள் கிடைத்தன. குறுவட்ட இறுதியில் அவர்களுக்குக் கிடைத்தது 12 நிமிடம். மாவட்டத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. மீதி இரண்டு பேர் பருவம் முழுவதும் கோட்டைத் தாண்டவே இல்லை. இந்த எண்கள் எனக்கு எப்படித் தெரியும் என்றால், யார் எப்போது உள்ளே போனான், யார் கோல் போட்டான் என்று எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டை அந்த இருவரில் ஒருவனிடம்தான் கொடுத்திருந்தோம். சும்மா இருக்கிறானே, ஒரு வேலை கொடுப்போம் என்று நான்தான் கொடுத்தேன். அழகான கையெழுத்து. எல்லார் பெயருக்கும் எதிரே நிமிடங்களைக் குறித்திருந்தான். தன் பெயருக்கு எதிரே கோடு மட்டும் போட்டிருந்தான். பருவம் முடிந்து பல வாரங்கள் கழித்து நோட்டைப் புரட்டியபோதுதான் அது என் கண்ணில் பட்டது. அடுத்த ஜூனில் அவன் வரவில்லை. விசாரித்ததில் கபடிக்குப் போய்விட்டான் என்றார்கள். ஆடாத இன்னொருவனும் வரவில்லை. அவன் எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை.

இதை மனவருத்தக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்தினால் உடற்கல்வி ஆசிரியருக்கு நியாயம் செய்தவன் ஆக மாட்டேன். அவருடைய வாதம் வலுவானது. வென்ற அணிக்குத்தான் தலைமையாசிரியர் முதல் பாடவேளையில் பத்து நிமிடம் விட்டுக்கொடுப்பார். வென்ற அணிக்குத்தான் ஊரில் பழைய மாணவர்கள் பந்தும் மட்டையும் வாங்கித் தருவார்கள். குறுவட்டத்திலேயே தோற்ற அணி அடுத்த ஆண்டு இருக்குமா என்பதே சந்தேகம். “தோத்துட்டு எல்லாரையும் ஆட வச்சேன்னு சொன்னா எவன் தம்பி கேப்பான்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு ஆட்டங்களில் முடிந்துவிடக்கூடிய பருவத்தில் ஒவ்வோர் ஆட்டமும் வாழ்வா சாவா என்றாகிவிடுகிறது. அந்த நெருக்கடியில் நிற்கும் மனிதரிடம் பெருந்தன்மையைப் பற்றிப் பேசுவது எளிது, ஆனால் பொறுப்பற்றது.

பெற்றோர்களின் நிலையும் நான் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. ஆடாத பையனின் தந்தை சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் சொன்னது இது: “சார், அவன் பேரு சீட்டுல இருக்குல்ல, அது போதும்.” சான்றிதழ் அணிப் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருக்கும் கிடைக்கும், ஆடியவன், ஆடாதவன் என்று அதில் பிரிவு இல்லை. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் இடம் இருக்கிறது. 14 வயதுப் பிரிவின் சான்றிதழ் அந்த இடங்களுக்குப் போதாது என்றாலும், தாள் சேர்க்கும் பழக்கம் இங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. ஆடும் நேரத்துக்காகக் கேள்வி கேட்க வேண்டியவர்களே தாளைப் பெற்றுக்கொண்டு அமைதியாகிவிடுவதால், பயிற்சியாளர் மீது விழ வேண்டிய அழுத்தம் விழுவதில்லை. பையனின் மனக்குறை வீட்டிலும் பேசப்படாமல், மைதானத்திலும் பேசப்படாமல் போகிறது. என்னைக் கேட்டால், நம்முடைய பள்ளி விளையாட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் கண்ணில் படாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

மாற்றத்துக்கு வழிவிட்டது நியாய உணர்ச்சி அன்று, ஒரு தோல்வி. முதல் பருவத்தின் மாவட்டக் கால் இறுதியும் அரை இறுதியும் ஒரே நாளில் நடந்தன. காலையில் 40 நிமிடம் ஓடிய அதே பத்துப் பேர், மதியம் இரண்டரை மணி வெயிலில் மீண்டும் இறங்கினார்கள். இடைவேளை வரை 0–0. 28 ஆவது நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. 31 இல், களைப்பில் மட்டையைத் தவறாக வீசிய எங்கள் சென்டர் ஹாஃப் (நடுக்கள வீரன்) மஞ்சள் அட்டை வாங்கி 5 நிமிடம் வெளியே போனான். அவன் இடத்தில் நிற்கத் தெரிந்தவன் அணியில் ஒருவனும் இல்லை, ஏனென்றால் பருவம் முழுவதும் வேறு யாரையும் அங்கே நிறுத்தியதில்லை. 34 இல் ஒன்று, 39 இல் ஒன்று. 0–3. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களும் ஆறு பையன்கள் புதுக் காலோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களை இறக்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று ஆசிரியர் சொன்னது அந்த நேரத்துக்கு உண்மைதான். ஆடிப் பழகாதவனை அரை இறுதியின் 35 ஆவது நிமிடத்தில் இறக்குவது அவனுக்கும் நல்லதன்று, அணிக்கும் நல்லதன்று. கேள்வி அரை இறுதியில் யாரை இறக்குவது என்பதாக இருக்கவில்லை. ஜூனிலும் ஜூலையிலும் யாரையெல்லாம் ஆட வைத்தோம் என்பதாக இருந்தது. இதை அவரே என்னிடம் பேருந்தில் திரும்பும்போது வேறு சொற்களில் சொன்னார். அங்கிருந்துதான் எங்கள் ஏற்பாடு தொடங்கியது.

இடையில் ஒரு செய்தி. யார் முதல் பத்தில் இருந்தார்கள் என்று நோட்டை வைத்துப் பார்த்தபோது, பத்தில் ஏழு பேர் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் பிறந்தவர்கள் என்பது தெரிந்தது. வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கிடப்படுவதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓர் ஆண்டு மூத்தவனாக இருந்தும் இருவரும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். பதின்மூன்று வயதில் அந்த ஓர் ஆண்டு தோளிலும் தொடையிலும் தெரியும். கனடாவின் பனி ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மேல் அணிகளில் அதிகம் இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் 1985 இல் சுட்டிக்காட்டினார்கள். எங்களுடையது பத்துப் பேரின் கணக்கு, அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. (ஒரு தலைமுறைக்கு முன் இப்படிப் பார்க்கவே முடிந்திருக்காது, பள்ளியில் சேர்க்க வசதியான தேதியைப் பிறந்த தேதியாக எழுதிவிடுவார்கள்.) ஆனால் நோட்டு எழுதிய பையன் டிசம்பரில் பிறந்தவன். திறமை இல்லை என்று நாங்கள் நினைத்தது உண்மையில் பத்து மாத வளர்ச்சியாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

சில நாடுகள் இந்த நெருக்கடியைப் பயிற்சியாளரின் தோளிலிருந்தே இறக்கிவைத்துவிட்டன. நார்வேயில் 1987 இல் ஏற்கப்பட்டு 2007 இல் திருத்தப்பட்ட சிறுவர் விளையாட்டு விதிகளின்படி, 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் கிடையாது. அமெரிக்கப் பனி ஹாக்கி அமைப்பு, 12 வயதுக்குட்பட்டோருக்கான தேசிய சாம்பியன்ஷிப்பை 2009 இல் கைவிட்டது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. குறுவட்ட அட்டவணையை ஓர் ஊர்ப் பள்ளி மாற்றிவிட முடியாது. எங்களால் முடிந்தது, அட்டவணையில் இல்லாத ஆட்டங்களை நாங்களே உண்டாக்கிக்கொள்வதுதான்.

இரண்டாம் பருவத்தில் ஆட்டங்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை ஜூன் முதல் வாரத்திலேயே பையன்களிடமும் பெற்றோர்களிடமும் சொல்லிவிட்டோம். நட்பு ஆட்டங்களில் எல்லாருக்கும் சம நேரம். முடிவு எதுவானாலும் மாற்றமில்லை. குறுவட்டத்தில் கோல்கீப்பர் தவிர ஒவ்வொருவனுக்கும் ஆட்டத்துக்குக் குறைந்தது 15 நிமிடம். மாவட்டத்தில் குறைந்தது 8 நிமிடம், அதுவும் முதல் 30 நிமிடங்களுக்குள். கடைசி 10 நிமிடம் முழுக்க ஆசிரியரின் கையில், அப்போது அவர் யாரை வைத்து ஆடினாலும் யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை அவர் கேட்டார், நான் தயங்கினேன். இப்போது பார்த்தால் ஏற்பாடு நிலைத்ததே அதனால்தான் என்று படுகிறது. வெல்வதற்கென்று ஒரு பத்து நிமிடத்தை ஒளிவுமறைவின்றி ஒதுக்கிவைத்த பிறகு, மீதி முப்பது நிமிடத்தில் அவர் கை நடுங்கவில்லை.

நட்பு ஆட்டங்களுக்கு இன்னொரு பள்ளியை ஒவ்வொரு வாரமும் வரவழைக்க முடியாது. பேருந்துச் செலவு இருக்கிறது. ஆகவே செவ்வாய், வியாழன் காலைகளில் பதினெட்டுப் பேரையும் இரண்டு ஏழு பேர் அணிகளாகப் பிரித்து, பக்கத்துக்கு இரண்டு மாற்று வீரர்களுடன், பாதி மைதானத்தில் ஆட வைத்தோம். முழு மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், மெலிந்த பையன் ஒருவன் அதில் பத்து நிமிடம் பந்தைத் தொடாமலே நின்றுவிட முடியும். பாதி மைதானத்தில் அது நடக்காது. மேலும் எந்தப் பையனும் தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே இடத்தில் ஆடக் கூடாது என்று வைத்திருந்தோம். முன்வரிசைப் பையன்கள் இதை வெறுத்தார்கள். ஃபுல் பேக்காக, அதாவது பின்வரிசைத் தற்காப்பில், நின்றால் கோல் போட முடியாது என்ற புகார் ஜூலை முழுவதும் ஓயவில்லை.

நாங்கள் யோசிக்காமல் விட்டது இரண்டாவது கோல்கீப்பரை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கோல்கீப்பர் செட். கால் பேடு, கிக்கர் (பாதத்தின் மேல் கட்டும் கவசம்), மார்புக் கவசம், ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒருவனிடமிருந்து கழற்றி இன்னொருவனுக்கு மாட்ட, வார்ப்பட்டைகளை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் ஏழெட்டு நிமிடம் ஆகும். நடுவர் காத்திருக்க மாட்டார். எனவே விதி என்ன சொன்னாலும், அந்தப் பையனைப் பொறுத்தவரை இடைவேளையில் மட்டுமே மாற்றம் சாத்தியம். குறுவட்ட முதல் ஆட்டத்தின் இடைவேளையில் மாற்ற முயன்று, இரண்டாம் பாதியின் முதல் இரண்டு நிமிடம் இடது கிக்கர் சரியாகக் கட்டப்படாமலே அவன் நின்றான். மாவட்டத்தில் அந்த முயற்சியை விட்டுவிட்டோம். எல்லாருக்கும் நேரம் என்று சொன்ன எங்கள் ஏற்பாட்டில் அவன் ஒருவன் விடுபட்டுப் போனான் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் பருவத்தின் குறுவட்ட இறுதியில்தான் ஏற்பாடு ஏறக்குறைய உடைந்தது. 2–0 என்று முன்னிலையில் இருந்தபோது, சொன்னபடி மூன்று மாற்று வீரர்களை ஒன்றாக இறக்கினோம். ஆறு நிமிடத்தில் 2–2. கோட்டுக்கு வெளியே நின்ற மற்ற ஆசிரியர்கள் எங்களைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தேவையில்லை. மூவரையும் வெளியே எடுக்கலாமா என்று உடற்கல்வி ஆசிரியர் என்னைப் பார்த்தார். அவர்களுடைய 15 நிமிடம் முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அவர் எடுக்கவில்லை. 37 ஆவது நிமிடத்தில் எங்கள் வழக்கமான சென்டர் ஃபார்வர்ட் போட்ட கோலில் 3–2 என்று தப்பித்தோம். அன்று நாங்கள் கற்றது நுட்பம் சார்ந்தது: மாற்று வீரர்களை ஒன்றாக இறக்கக் கூடாது. ஒவ்வொருவனையும் தேர்ந்த இருவருக்கு நடுவில், ஒருவர் பின் ஒருவராக இறக்க வேண்டும். சம நேரம் கொடுக்கும் பயிற்சியாளர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான் என்று நினைக்கிறேன். நேரத்தைப் பங்கிடுகிறார்கள், யார் பக்கத்தில் யார் நிற்பது என்பதைத் திட்டமிடுவதில்லை.

மாவட்டக் கால் இறுதியில் 1–0 என்று வென்றோம். அதே நாள் மதியம் அரை இறுதி. இடைவேளையில் 1–1. 25 ஆவது நிமிடத்தில் இடது ஹாஃபை வெளியே எடுத்து ஒரு மாற்று வீரனை இறக்கினோம். 27 இல் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். இனி ஆளை மாற்ற முடியாது. கோல்கீப்பருடன் கோட்டில் நிற்கும் நான்கு பேரில், முதலில் ஓடிச் சென்று அடியை மறிக்கும் வேலை அந்தப் பையனுடையதாயிற்று. செவ்வாய், வியாழன் ஆட்டங்களில் அதைப் பலமுறை செய்தவன். ஓட்டம் சரியான கோட்டில்தான் இருந்தது. பந்து அவனைக் கடந்து எங்கள் ஃபுல் பேக்கின் மட்டையில் பட்டு எகிறி கோலுக்குள் போனது. கடைசிப் பத்து நிமிடத்தில் முழுப் பலத்தோடு இறங்கி மூன்று பெனால்டி கார்னர்கள் வாங்கினோம், ஒன்றும் கோலாகவில்லை. 1–2. முந்தைய ஆண்டு தோற்ற அதே கட்டத்தில் மீண்டும் தோற்றோம்.

எண்களைப் பார்த்தால்: ஆறு மாற்று வீரர்களுக்கும் நான்கு ஆட்டங்களில் சேர்த்துக் கிடைத்தது 310 நிமிடம், முந்தைய ஆண்டு 58. முதல் பத்துப் பேர் ஆளுக்குச் சராசரியாக 129 நிமிடம் ஆடினார்கள், அதாவது ஆட்டத்துக்கு 32 நிமிடத்துக்குச் சற்று அதிகம். அரை இறுதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் முந்தைய ஆண்டு இரண்டு கோல் வாங்கிய அணி, இந்த ஆண்டு அந்தப் பத்து நிமிடத்தில் எதிரணியின் கோல் வட்டத்துக்குள்ளேயே நின்றது. இது ஒரே ஓர் அணியின் இரண்டு ஆட்டங்கள், எதிரணியும் வேறு. நேரத்தைப் பங்கிட்டதால்தான் கால்களில் பலம் மிஞ்சியது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பங்கிட்டதால் தோற்றோம் என்று சொன்னவர்களாலும் அதே அளவுக்குத்தான் நிறுவ முடியும்.

ஆனால் ஒரு குறையை மறுக்க முடியாது. எங்கள் சென்டர் ஃபார்வர்டின் தந்தை, மாவட்டப் போட்டியைப் பார்க்க மற்ற ஊர்ப் பயிற்சியாளர்கள் வந்திருந்த நாளில் தன் மகனை மாறி மாறி வெளியே உட்கார வைத்தது அநியாயம் என்றார். விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆம் வகுப்புகளில் சேர்க்கை தனித் தேர்வின் மூலம்தான் நடக்கிறது, அன்றைய ஆட்டத்தை வைத்து இல்லை என்று விளக்கினோம். அவர் முழுவதும் ஏற்கவில்லை. அவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நன்றாக ஆடுகிறவன் கண்ணில் படுவதற்கான நிமிடங்களை எடுத்துத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தோம். அவனுக்கும் ஜூனில் சொல்லிவிட்டுத்தான் செய்தோம் என்பது மட்டுமே எங்கள் தரப்பு.

மூன்றாம் பருவம் இப்போது தொடங்கியிருக்கிறது. வயது கடந்தவர்களைக் கழித்தால், முந்தைய அணியிலிருந்து வர வேண்டிய எல்லாப் பையன்களும் வந்திருக்கிறார்கள். பழைய கோல்கீப்பர் செட் ஒன்று கோவில்பட்டியிலிருந்து பாதி விலைக்குக் கிடைத்திருக்கிறது, வார்ப்பட்டைகள் மட்டும் மாற்ற வேண்டும். நோட்டை ஒருவனிடமே கொடுப்பதில்லை. வெளியே வருகிறவன் வாங்கி எழுதிவிட்டு, உள்ளே போகும்போது அடுத்தவனிடம் கொடுக்கிறான். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இந்த ஆண்டு வந்திருப்பது 21 பேர், பட்டியலில் எழுத முடிவது 18. அந்த மூன்று பேரைச் செவ்வாய், வியாழன் ஆட்டங்களில் சேர்த்துக்கொள்கிறோம். ஆகஸ்டில் பட்டியல் எழுதும்போது யார் பெயரை விடுவது என்பதில் ஆசிரியருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை.